கெட்டவர்களைப் பார்த்துச் சிரித்தேன்

'தி சூசைட் ஸ்குவாட்' படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்குள்ளேயே ஒரு முழுக் குழுவும் கடற்கரையில் செத்துக் கிடக்கிறது. போஸ்டரில் முகம் காட்டியவர்கள், பிரபல நடிகர்கள், இவர்தான் கதாநாயகன் என்று நாம் தீர்மானித்து வைத்தவர், எல்லோரும் போய்விடுகிறார்கள். அவர்களில் ஒருவனுடைய வல்லமை, தன் இரண்டு கைகளையும் தோளிலிருந்து கழற்றிப் பறக்கவிடுவது. பறந்து போன கைகள் எதிரிகளின் முகத்தில் தட்டுகின்றன, அவ்வளவுதான். வீசல் என்ற மயிரடர்ந்த பிராணி ஒன்று கடலில் குதித்த உடனேயே மூழ்குகிறது. அதற்கு நீந்தத் தெரியுமா என்று யாருமே கேட்டு வைத்திருக்கவில்லை. ஈட்டி எறியும் ஒருவன் உயிர் பிரியும் நேரத்தில் தன் ஈட்டியை ஹாலி குவினிடம் ஒப்படைக்கிறான். எதற்காக என்று சொல்வதற்குள் இறந்துவிடுகிறான். பாவம், அவள் அந்த ஈட்டியைத் தூக்கிக்கொண்டு, அது எதற்கென்றே தெரியாமல் கிட்டத்தட்டப் படம் முடியும் வரை அலைகிறாள்.

நான் வயிறு நோகச் சிரித்தேன்.

ஜேம்ஸ் கன் எழுதி இயக்கி 2021இல் வெளியான படம் இது. அமெரிக்காவில் இதற்கு 'ஆர்' தரம் கொடுத்திருக்கிறார்கள். அதாவது 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் ஒருவரோடு சேர்ந்துதான் பார்க்கலாம். இரத்தம் அதிகம், கெட்ட வார்த்தைகள் அதைவிட அதிகம். வீட்டில் சின்னத் தங்கச்சி, தம்பி இருந்தால் அவர்கள் தூங்கிய பிறகு பாருங்கள் என்றுகூடச் சொல்ல மாட்டேன். அவர்கள் வளரும் வரை பொறுத்திருங்கள் என்றுதான் சொல்வேன். நான் பார்த்தது பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருந்த நானாவோடு, அவருடைய லெப்டொப்பில். அவர் ஏற்கெனவே பார்த்திருந்தபடியால் ஒன்றிரண்டு இடங்களைத் தானே முன்னுக்குத் தள்ளிவிட்டார். உயர்தரத்தில் ஊடகக் கற்கை எனக்கு ஒரு பாடம் என்பதால், இதுவும் படிப்புத்தான் என்று உம்மாவிடம் சொல்லி வைத்திருந்தோம்.

உம்மா தேத்தண்ணீர்க் கோப்பைகளோடு அறைக்குள் வந்த நேரம், சுறாத் தலையும் மனித உடம்புமான ஒருவன் ஓர் ஆளை முழுசாக விழுங்கிக்கொண்டிருந்தான். நானும் நானாவும் சிரித்துக்கொண்டிருந்தோம். உம்மா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆள் மௌத்தாகிறதப் பாத்து என்ன சிரிப்பு மகள்?"

"சும்மா படம்தானே உம்மா" என்றார் நானா.

"படம்தான். சிரிக்கிறது நீங்கதானே" என்று சொல்லிவிட்டு உம்மா கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

கேள்வி சின்னதுதான். ஆனால் அதற்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டுமானால், அந்தப் படத்துக்குள் யார் யார் சிரிக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். லூசியானாவில் பெல் ரீவ் என்றொரு கற்பனைச் சிறை. சுப்பர் ஹீரோக்களிடம் தோற்றுப் பிடிபட்ட வில்லன்கள் அங்கே அடைபட்டிருக்கிறார்கள். அமண்டா வாலர் என்ற அரச அதிகாரி அவர்களிடம் ஒரு பேரம் பேசுகிறார். நான் சொல்லும் ஆபத்தான வேலைக்குப் போய் வந்தால் தண்டனையில் 10 வருடம் குறையும். போன இடத்தில் தப்பி ஓடினால், கழுத்துக்குப் பின்னால் பொருத்தியிருக்கும் சின்னக் குண்டு வெடிக்கும். ஆட்கள் செத்தாலும் அரசாங்கத்துக்குக் கவலையில்லை, யாரும் கேட்கப்போவதுமில்லை. இந்தக் கதையமைப்பு பழையது. இன்றைக்கு நாம் அறிந்த வடிவத்தில் இந்தக் குழுவை ஜோன் ஒஸ்ட்ரண்டர் என்ற எழுத்தாளர் டீசி கொமிக்ஸுக்காக 1987இல் உருவாக்கினார். அதற்கும் முன்னால் 1967இல் 'த டேர்ட்டி டசன்' என்ற யுத்தப் படத்தில், தண்டனை பெற்ற பன்னிரண்டு சிப்பாய்களை இதேபோல் சாவுக்கு அனுப்பினார்கள். 2016இலும் இதே குழுவை வைத்து ஒரு படம் வந்தது. அதைப் பற்றி எழுதி இந்தச் சஞ்சிகையின் பக்கத்தை வீணாக்க விரும்பவில்லை.

ஜேம்ஸ் கன் செய்த புதுமை, பெரிய வில்லன்களை விட்டுவிட்டுக் குப்பைக் கூடையைக் கிளறியதுதான். உதாரணமாக, பொல்கா டொட் மேன். உடையெல்லாம் வட்ட வட்டமாக வர்ணப் புள்ளிகள், அந்தப் புள்ளிகள்தான் ஆயுதம். 1962இல் பெட்மேன் கதையொன்றில் வந்து போனவன். கேலி செய்வதற்கென்றே கொமிக்ஸ் வாசகர்கள் நினைவில் வைத்திருக்கும் பெயர்களில் அதுவும் ஒன்று. அவனைத் தேடியெடுத்து, அவனுக்கு ஒரு உம்மாவைக் கொடுத்து, அவனை அழவைத்து, நம்மையும் கொஞ்சம் அழவைக்கிறார்.

இயக்குநரும் அப்போது ஒரு குப்பைக் கூடைக்குள்தான் கிடந்தார் என்பது சுவையான விடயம். பல வருடங்களுக்கு முன் ட்விட்டரில் அவர் எழுதியிருந்த அருவருப்பான நகைச்சுவைகளை யாரோ தோண்டியெடுக்க, டிஸ்னி நிறுவனம் 2018 ஜூலையில் அவரை வேலையிலிருந்து நீக்கியது. அந்த இடைவெளியில்தான் வோர்னர் பிரதர்ஸ் அவரை அழைத்து இந்தப் படத்தைக் கொடுத்தது. 2019 மார்ச்சில் டிஸ்னியும் அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. அந்தப் பழைய பகிடிகளுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அவரே அவற்றுக்காக மன்னிப்புக் கேட்டவர். ஆனால் உலகமே சேர்ந்து கைகழுவி விட்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவர் எடுத்த படம் இது என்பதை, பார்க்கும்போது உணரலாம்.

இனி, அந்தச் சிரிப்பு. கடற்கரையில் முதற்குழு ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருக்கும்போது கமரா அடிக்கடி பெல் ரீவுக்குத் திரும்புகிறது. அங்கே ஓர் அறை. சுவர் நிறையத் திரைகள். வாலரின் உத்தியோகத்தர்கள் அவற்றின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் நேரலையாகப் பார்க்கிறார்கள். கெட்டவர்கள் என்று தெரியும், ஆனாலும் அவர்கள் செய்வது பயங்கரம். யார் சாவான், யார் பிழைப்பான் என்று தங்களுக்குள் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். தான் பந்தயம் கட்டியவன் செத்தால் ஒருவருக்குச் சலிப்பு, மற்றவருக்குச் சந்தோஷம். கைகளைக் கழற்றியவன் விழும்போது அவர்களும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். நானா கோலாப் போத்தலைத் திறக்கிறார். அந்த அறைக்கும் எங்கள் அறைக்கும் அப்போது பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

அந்தக் குழு உண்மையில் ஒரு திசைதிருப்பும் தந்திரம் மட்டும்தான். எதிரியின் கவனத்தை இழுப்பதற்காக அவர்களை ஒரு பக்கத்தில் சாகவிட்டு, தீவின் மறுபக்கத்தில் இரண்டாவது குழு சத்தமில்லாமல் இறங்குகிறது. பிளட்ஸ்போர்ட், பீஸ்மேக்கர், பொல்கா டொட் மேன், எலிகளை ஆளும் பெண், சுறா மனிதன் ஆகியோர்தான் அந்தக் குழு. காட்டுக்குள் ஒரு முகாமில் அவர்களுடைய தளபதி ரிக் ஃப்ளெக் பிடிபட்டிருப்பதாகத் தகவல் வருகிறது. மீட்கப் போகிறார்கள்.

இந்தக் காட்சியைத்தான் நான் இரண்டு மூன்று தடவை திருப்பிப் பார்த்தேன். பிளட்ஸ்போர்டும் பீஸ்மேக்கரும் ஒருவரையொருவர் மிஞ்சப் பார்க்கிறார்கள். ஒருவர் ஓர் ஆளை மிக நேர்த்தியாகக் கொல்கிறார். மற்றவர் அதைவிட அலங்காரமாக இன்னொரு ஆளைக் கொன்றுவிட்டுப் புருவத்தை உயர்த்துகிறார். இல்ல விளையாட்டுப் போட்டியில் இரண்டு இல்லத்தார் புள்ளிகளுக்கு அடித்துக்கொள்வதைப்போல இருக்கும். வசனமே தேவையில்லை. நன்றாகச் சிரிப்பு வரும்படி எடுத்திருக்கிறார்கள். சிரிப்பு வருகிறது. கடைசியில் கூடாரத்துக்குள் நுழைந்தால், ரிக் ஃப்ளெக் கட்டிப்போடப்படவேயில்லை. நிம்மதியாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். அவரைக் காப்பாற்றியவர்களே அந்த முகாமில் இருந்தவர்கள்தான். கொடுங்கோல் ஆட்சிக்கு எதிராகப் போராடுபவர்கள். இவர்களுக்கு உதவ வேண்டியவர்கள். எல்லோரும் செத்துக் கிடக்கிறார்கள்.

சிரித்த வாய் அப்படியே நின்றுவிடும் இடம் அது. ஐந்து நிமிடத்துக்கு முன் நான் யாரைப் பார்த்துச் சிரித்தேன்? அவர்கள் கெட்டவர்கள் என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. சீருடை மாதிரி ஏதோ அணிந்திருந்தார்கள், கையில் துவக்கு இருந்தது, காட்டுக்குள் இருந்தார்கள், அமெரிக்கர்கள் இல்லை. அவ்வளவும் எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

இதை எழுதும்போது எனக்கு ஜெக் ஷாஹீனின் நினைவு வருகிறது. அரபுப் பூர்வீகம் கொண்ட அமெரிக்கப் பேராசிரியர். ஹொலிவூட் படங்கள் 900க்கு மேல் பார்த்து, அவற்றில் அரபிகளும் முஸ்லிம்களும் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்று 2001இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பெரும்பாலான படங்களில் அவர்கள் துவக்கோடு ஓடிவந்து சுடப்பட்டு விழும் ஆட்கள்தான். அவர்களுக்குப் பெயரில்லை, வீடில்லை, பிள்ளைகள் இல்லை. விழும்போது அரங்கில் கைதட்டல். தமிழ்ப் படங்களில் குண்டு வைப்பவருக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்பது வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2019 ஏப்ரலில் எனக்குப் பதினொரு வயது. அந்தத் தாக்குதலில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் இறந்தவர்களுக்காக எங்கள் வீட்டிலும் அழுதார்கள். அதற்குப் பின்னர் பஸ்ஸில் ஏறும்போது, உம்மாவின் பையையும் என் புத்தகப் பையையும் மற்றவர்கள் பார்த்த பார்வையும் நினைவிருக்கிறது. ஒரு பெண் எங்கள் பக்கத்து இருக்கையை விட்டு எழுந்து நின்றுகொண்டார். அவரிலும் குற்றமில்லை, பயம்தான். அந்தப் பயத்துக்குள்ளே நான் ஆறாம் தரத்துப் பிள்ளையாக இருக்கவில்லை. தூரத்தில் துவக்கோடு நின்ற பெயரில்லாத ஓர் ஆளாக இருந்தேன். கற்பனைத் தீவின் முகாமுக்கும் அந்த பஸ்ஸுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை என்று தெரியும். ஆனாலும் கூடாரத்துத் துணி விலகிய அந்த நொடியில் எனக்கு அந்த இருக்கைதான் நினைவுக்கு வந்தது.

அந்த முகாமில் செத்தவர்களைப்போல் அல்லாமல், வில்லன்களுக்கு ஒவ்வொன்றாக முகத்தைக் கொடுத்துக்கொண்டே போகிறது படம். எனக்கு மிகவும் பிடித்தவள் கிளியோ, எலிகளை ஆளும் பெண். போர்த்துக்கல் நடிகை டேனியேலா மெல்கியோர் நடித்திருக்கிறார். எல்லா இடத்திலும் தூங்கி வழிகிறாள், ஆறு மணி வகுப்பில் நாங்கள் இருப்பதைப்போல. தோளில் செபஸ்டியன் என்ற எலி. அவளுடைய தகப்பன் எலிகளோடு பேசும் கருவியொன்றைக் கண்டுபிடித்த மனிதர். போர்த்துக்கல் தெருக்களில் மகளோடு வாழ்ந்து, போதைக்கு அடிமையாகி இறந்துபோனவர். ஏன் எலிகள் என்று சின்ன வயதில் அவள் அவரிடம் கேட்கிறாள். உலகம் மிகவும் வெறுக்கும் பிராணிக்கே ஒரு நோக்கம் இருக்குமானால் நமக்கும் இருக்கும்தானே என்ற கருத்துப்பட அவர் பதில் சொல்கிறார். கேலிப் படமொன்றின் நடுவில் இப்படியொரு தகப்பன் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பிளட்ஸ்போர்டுக்கு எலியென்றால் நடுக்கம். இத்தனை பேரைக் கொன்ற ஆள் எலியைக் கண்டு ஒதுங்குவது முதலில் பகிடியாகத்தான் வருகிறது. பிறகுதான் காரணம் தெரிகிறது. பிழை விட்டதற்குத் தண்டனையாக அவனுடைய தகப்பன் அவனை எலிகளோடு ஒரு பெட்டிக்குள் ஒருநாள் முழுக்கப் பூட்டி வைத்திருக்கிறார். அவனுக்கும் பதினாறு வயதில் ஒரு மகள். சின்னத் திருட்டொன்றில் மாட்டிக்கொண்ட அவளைக் காட்டி மிரட்டித்தான் வாலர் அவனை இந்த வேலைக்குச் சம்மதிக்க வைக்கிறார். தகப்பனும் மகளும் ஒருவரையொருவர் கத்தி ஏசிக்கொள்ளும் அந்தச் சந்திப்பில் ஒரு நல்ல வார்த்தை கிடையாது. ஆனால் அவளுக்காகத்தான் அவன் போகிறான். நல்ல தகப்பன் இறந்துபோன மகளும், நல்ல தகப்பனாக இருக்கத் தெரியாத ஒருவனும் அடுத்தடுத்து உட்கார்ந்து பேசும் காட்சி, ஒரு குடும்பப் படத்தில் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

புள்ளி மனிதனுடைய உம்மா ஒரு விஞ்ஞானி. பிள்ளைகளைச் சுப்பர் ஹீரோக்களாக ஆக்கியே தீருவேன் என்று அவர்கள் மீதே பரிசோதனை செய்தவர். அதனால் அவன் உடம்பில் நோயாக வரும் புள்ளிகளைத் தினமும் இரண்டு தடவை வெளியேற்றாவிட்டால் அவன் செத்துவிடுவான். யாரைப் பார்த்தாலும் அவனுக்கு உம்மாவின் முகம்தான் தெரிகிறது. பிள்ளையை டொக்டராக்கியே தீருவேன் என்று நிற்கும் பெற்றோர் இந்தப் பகுதியை மட்டும் பார்க்கலாம். (உம்மா, இது உங்களுக்கு இல்லை. நீங்கள் என்னைக் கலைப்பிரிவுக்குப் போகவிட்டவர்.) அந்தப் பாத்திரத்தில் நடித்த டேவிட் டஸ்ட்மால்சியனுக்குச் சிறுவயதிலிருந்தே உடம்பில் வெண்புள்ளி இருக்கிறது. அதற்காகப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்யப்பட்டதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இது தெரிந்த பிறகு, அவர் கூச்சத்தோடு புள்ளி உடையை அணிந்துகொண்டு நிற்கும் காட்சியை முன்போலப் பார்க்க முடியாது.

வில்லனுக்கு அழுகையும் குடும்பமும் கொடுப்பது ஹொலிவூட்டின் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. அண்ணன் செய்வது பிழை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அவனுக்காகவே சாகப் போகும் கும்பகருணனைக் கம்பர் எப்போதோ படைத்துவிட்டார். ஆனால் எனக்கு இந்தப் படத்தைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது வேறொருவர். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒன்று கற்பனைப் படம், மற்றது நம் வரலாறு.

வஹ்ஷி (ரழி) அவர்கள் ஓர் அபிசீனிய அடிமை. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹதுப் போருக்கு முன் அவருடைய எஜமான் அவரிடம் ஒரு பேரம் பேசுகிறார். ஹம்ஸா (ரழி) அவர்களைக் கொன்றால் உனக்கு விடுதலை. அவருக்குப் போரில் வேறெந்த நோக்கமும் இல்லை. ஈட்டியெறிந்து ஹம்ஸா (ரழி) அவர்களைக் கொன்றார், விடுதலையானார். பிற்காலத்தில் இஸ்லாத்தை ஏற்றார். நபி (ஸல்) அவர்கள் அவரை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் தன் கண்ணில் படாமல் இருக்க முடியுமா என்று அவரிடம் கேட்டார்கள். பின்னர் அபூபக்ர் (ரழி) அவர்களுடைய காலத்தில் யமாமாப் போரில், பொய்த் தூதன் முஸைலிமா மீது அதே ஈட்டியை எறிந்தார். சின்ன வயதில் குர்ஆன் மத்ரஸாவில் இந்தச் சம்பவத்தைக் கேட்டபோது, கடைசிப் பகுதிதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. கெட்டது செய்த ஈட்டியால் நல்லதும் செய்துவிட்டார், கணக்குச் சரி என்று நினைத்தேன். இப்போது நடுவில் இருக்கும் அந்த வேண்டுகோள்தான் மனதில் நிற்கிறது. மன்னிப்புக் கிடைத்தது. நடந்தது நடக்காததாக ஆகிவிடவில்லை. சிறிய தந்தையை இழந்த வேதனை அங்கேயே இருந்தது.

படம் தடுமாறுவது சரியாக இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். முகாமில் தன் ஆட்களை எல்லாம் இழந்த போராளித் தலைவி சொல் சோரியா, கொன்றவர்களோடு சேர்ந்து வேலை செய்ய மிக விரைவாகச் சம்மதித்துவிடுகிறாள். கோபம் ஒரு நிமிடம், பிறகு திட்டம். செத்தவர்களை யாரும் அடக்கம் செய்வதைக் காணவில்லை. ஒருவருடைய பெயரைக்கூட அவள் சொல்லவில்லை. நம்மை வெட்கப்பட வைத்த படம், அந்த வெட்கத்தோடு உட்கார்ந்திருக்க நேரம் தரவில்லை. உடனே அடுத்த பகிடி. கோர்ட்டோ மால்டீஸ் தீவின் மக்கள் கடைசி வரையும் ஓடுகிறார்கள், விழுகிறார்கள், பெயரில்லாமலே முடிகிறார்கள். அந்தத் தீவின் பெயர்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை. இத்தாலியக் கொமிக்ஸ் ஓவியர் ஹூகோ ப்ராட் படைத்த ஒரு மாலுமியின் பெயர் அது. பிறகு டீசி கொமிக்ஸில் ஒரு தீவுக்கு அந்தப் பெயர் வந்து சேர்ந்தது.

கிளைமக்ஸ் ஒரு பெரிய நட்சத்திர மீன். ஸ்டாரோ என்று பெயர். விண்வெளியிலிருந்து பிடித்துவந்து, ஒரு கோபுரத்துக்குள் முப்பது வருடமாக அடைத்து வைத்து, அதைக் கொண்டு கைதிகள் மீது பரிசோதனை நடத்தியிருக்கிறார்கள். அந்தக் கைதிகள் ஆட்சியாளரை எதிர்த்தவர்களும் அவர்களுடைய குடும்பங்களும். இதற்குப் பின்னால் இருந்தது அமெரிக்க அரசாங்கம். குழுவை அனுப்பியதே அந்த ஆதாரத்தை அழிக்கத்தான். உண்மை தெரிந்ததும் ரிக் ஃப்ளெக் அதை ஊடகங்களிடம் கொடுக்கப் போகிறார். சமாதானத்தின் பெயரில் யாரையும் கொல்வேன் என்று திரியும் பீஸ்மேக்கர் அவரைக் கொன்றுவிடுகிறான். அந்தப் பெயரை வைத்தவருக்கு நகைச்சுவை உணர்ச்சி நிறைய இருந்திருக்க வேண்டும்.

கோபுரம் இடிந்து, ஸ்டாரோ வெளியே வந்து, ஊர்ச் சனங்களைக் கொல்லத் தொடங்குகிறது. வாலரின் கட்டளை, வேலை முடிந்தது, திரும்பி வாருங்கள் என்பது. அந்தச் சனங்கள் செத்தால் அமெரிக்காவுக்கு என்ன? பிளட்ஸ்போர்ட் கொஞ்சம் தூரம் நடந்துவிட்டு நிற்கிறான். திரும்புகிறான். மற்றவர்களும் அவனுக்குப் பின்னால் திரும்புகிறார்கள். கழுத்திலே குண்டு இருப்பது அவர்களுக்குத் தெரியும்.

கமரா மறுபடியும் அந்தத் திரை அறைக்குப் போகிறது. வாலர் கத்திக்கொண்டே குண்டுகளை வெடிக்க வைக்கப் போகிறார். பந்தயம் கட்டிச் சிரித்துக்கொண்டிருந்த அதே உத்தியோகத்தர்கள் அங்கே நிற்கிறார்கள். அவர்களில் ஒரு பெண் பின்னாலிருந்து ஒரு கொல்ஃப் மட்டையால் வாலரின் தலையில் ஓங்கி அடிக்கிறாள். அவர் விழுந்ததும், அவர்களெல்லாம் திரைகளுக்கு முன்னால் ஓடிவந்து, அந்த வில்லன்களுக்கு எந்தத் தெருவால் போவது என்று வழி சொல்லத் தொடங்குகிறார்கள்.

எலிகளின் பெருவெள்ளத்தையும், ஈட்டி கடைசியில் எதற்குப் பயன்படுகிறது என்பதையும் நான் சொல்ல மாட்டேன். அதையெல்லாம்விட எனக்கு இந்தக் கொல்ஃப் மட்டைதான் பெரிய காட்சி. படத்தில் அவளுக்கு வல்லமை எதுவும் இல்லை. மாதச் சம்பளத்துக்குத் திரை பார்க்கும் ஓர் உத்தியோகத்தர்.

2023 ஒக்டோபரிலிருந்து நாங்களும் திரை பார்க்கிறோம். காஸாவின் இடிபாடுகளுக்குள்ளிருந்து தூக்கிவரப்படும் குழந்தைகள் கைபேசிக்குள் வருகிறார்கள். அடுத்த விரலசைவில் சமையல் குறிப்பு, அதற்கடுத்ததில் யாரோ ஒருவரின் பகிடி. முதல் மாதங்களில் உம்மும்மா ஒவ்வொரு படத்துக்கும் 'இன்னாலில்லாஹ்' சொன்னார். பிறகு கைபேசியைத் தன்னிடம் காட்ட வேண்டாம் என்றார். நானோ, பார்த்துக்கொண்டே சாப்பிடவும் பழகிவிட்டேன். எலி, சுறா, நட்சத்திர மீன் என்று சிவப்புச் சாயத்தை வாளி வாளியாக ஊற்றும் படத்தில் வரும் இரத்தம் பொய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் சிரிக்க முடிகிறது. உண்மையான இரத்தத்தைப் பார்த்துக்கொண்டு சோறு பிசைவது எப்படி முடிகிறது என்பதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

உம்மாவுக்கு இவ்வளவையும் நான் சொல்லவில்லை. ஒருநாள் சமையலறையில் வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டு, கொல்ஃப் மட்டைக் கதையை மட்டும் சொன்னேன். உம்மா கேட்டுவிட்டு, "அந்தப் புள்ளக்கி வேல போயிருக்குமே" என்றார். அதை நான் யோசித்திருக்கவே இல்லை. படமும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஊடகக் கற்கைப் பாடத்தில் எங்களுக்கு ஒரு படத்தை விமர்சிக்கச் சொன்னால், கமரா, ஒளி, இசை, கதை என்று தலைப்புப் போட்டு எழுதுவோம். அந்த முறையில் இந்தப் படத்துக்கு நான் நல்ல புள்ளிகளே போடுவேன். எடிட்டிங் சொல்லி வேலையில்லை. ஹாலி குவின் தப்பியோடும் காட்சியில் இரத்தத்துக்குப் பதிலாகப் பூக்களும் பறவைகளும் பறப்பதைப் பற்றியே ஒரு பக்கம் எழுதலாம். கடைசிக் காட்சியில், பிளட்ஸ்போர்ட் தன் மடியில் ஏறிய எலியைத் தட்டிவிடாமல் மெதுவாகத் தடவிக்கொடுக்கும் இடத்துக்கு இன்னொரு பக்கம் தேவைப்படும்.

நோன்புப் பெருநாள் விடுமுறையில் நானா மறுபடியும் வந்தபோது இரண்டாம் தடவை பார்த்தோம். கடற்கரையில் கைகள் பறந்தபோது நான் முன்போலவே சிரித்தேன். முகாம் காட்சி தொடங்கியதும் நானா என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். முதல் ஆள் விழுந்தபோது நான் சிரிக்கவில்லை. கூடாரங்களுக்கிடையில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கினேன். கமரா மிக வேகமாக நகர்ந்துகொண்டிருந்தது. ஒன்பதுக்குப் பிறகு எண்ண முடியவில்லை.